பழைய படிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

ரஹாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அண்மையில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கியிருக்கிறார். வாரநாளில் சாமான் ஏற்ற, வார இறுதியில் லிங்கி பக்கம் தோட்டத்தில் இன்னும் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போய்வர. எப்போதாவது நண்பர்களோடு ஜெலுபு மலைப்பக்கம் சேற்றில் இறங்கவும் ஆசை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டியில் வலி. மருத்துவமனை அப்பாய்ன்ட்மென்ட் நாளில் அவரை வண்டியில் ஏற்றுவதற்குள் அரை மணி நேரம் ஆகிறதாம். ஒருவர் மிட்சுபிஷி டிரைட்டனிலிருந்து கழற்றிய ஒரு ஜோடி சைட் ஸ்டெப் வைத்திருக்கிறார். 'ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ் தம்பி, 250 வெள்ளிக்கு எடுத்துக்கோ, கொஞ்சம் வெட்டி ஒட்டினா உன் வண்டிக்கும் உட்காரும்' என்கிறாராம். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இதே கேள்வி நம்மில் பலருக்கும் இருக்கிறது. தோட்டத்தை விட்டு செனவாங், ராசா, ரஹாங் என்று தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களில் இன்று பிக்கப் வண்டி சாதாரணம். கேட்டரிங் செய்பவர், ஏர்கோன் போடுபவர், புல்வெட்டுக் குத்தகை எடுப்பவர், எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஒரே வண்டிதான் லோரி, அதுவேதான் குடும்பக் காரும். முன்னால் மகன், பின்னால் பாட்டியும் பேரப்பிள்ளைகளும். அந்த வண்டியில் ஏறுவதற்கான படியை அலங்காரச் சாமான் கணக்கில் வாங்குகிறோம். விலை தப்பாகப் போவது அங்கேதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வண்டியில் ஏறுவது என்றால் என்ன என்று தெரியும். லேண்ட் ரோவர் முதன்முதலில் உலகத்தின் பார்வைக்கு வந்தது 1948 ஏப்ரலில், ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிறகு பல தோட்டங்களில் துரைமாரின் வண்டியாக லேண்ட் ரோவரைப் பார்த்தோம். அதற்குக் கால் வைக்கப் படி உண்டு, சில வண்டிகளில் மடக்கும் படி. பிரட்டுக் களத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லோரிக்குப் படி கிடையாது. டயரில் ஒரு கால், கொக்கியில் ஒரு கை, மேலேயிருந்து ஒருவர் இழுத்துவிட வேண்டும். நம் அம்மாக்களின் முட்டி அப்படி ஏறி இறங்கிய முட்டி. படியின் விலையைப் பேசும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, சாமானுக்கு வருவோம். சந்தையில் 'சைட் ஸ்டெப்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, உருண்டைக் குழாயில் மிதிக்கும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் தகடு பதித்தது. இரண்டாவது, முழு நீளத்துக்கும் தட்டையாக இருக்கும் அலுமினியப் பலகை. மூன்றாவது ராக் ஸ்லைடர், காட்டில் பாறையிலோ மரக்கட்டையிலோ வண்டியின் பக்கவாட்டு மோதினால் அந்த அடியைத் தாங்குவதற்காகச் சேசியோடு பிணைக்கப்படும் கனத்த இரும்பு. முதல் இரண்டும் மனிதக் காலைத் தாங்கச் செய்தவை. மூன்றாவதுதான் வண்டியின் எடையைத் தாங்கும். பார்ப்பதற்கு முதலாவதும் மூன்றாவதும் ஒன்று போலவே இருப்பதால், சாதாரணக் குழாய்ப் படியைக் காட்டி 'ஆஃப்ரோட் படி' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். சோதிப்பது சுலபம். ஹைலிஃப்ட் ஜாக்கை இதன் அடியில் வைத்து வண்டியைத் தூக்கலாமா என்று கேளுங்கள். விற்பவர் தயங்கினால் அது படி. படிக்குரிய விலைதான் கொடுக்க வேண்டும். ஜாக்கை மட்டும் அதன்மேல் எந்தக் காலத்திலும் வைத்துவிடாதீர்கள்.

இந்த மூன்றிலும் விலையைத் தீர்மானிப்பது பளபளக்கும் குழாயில்லை, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பிராக்கெட். ஒவ்வொரு வண்டியின் சேசியிலும் போல்ட் துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். டிரைட்டனின் பிராக்கெட் ஹைலக்ஸில் உட்காராது. ஹைலக்ஸிலேயே 2005ஆம் ஆண்டு வாக்கில் வந்த வீகோவின் பிராக்கெட் 2015இல் வந்த ரெவோவில் அப்படியே பொருந்தும் என்று யாராவது சொன்னால், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிராக்கெட் இல்லாத, அல்லது வேறு வண்டியின் பிராக்கெட்டோடு வரும் படி உங்களைப் பொறுத்தவரை ஒரு நீளமான குழாய். அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டிக்கென்றே செய்த புதுப் படி ஒரு ஜோடி 600 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள் (கடைக்குக் கடை மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்). அதே மாடலிலிருந்து கழற்றிய பழைய படி, எல்லா பிராக்கெட்டும் போல்ட்டும் இருக்கிறது, துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்றால் அதில் பாதி, 300 வெள்ளி, நியாயம். பிராக்கெட்டில் ஒன்று குறைந்தாலும் அதைச் செய்யும் கூலியைக் கழியுங்கள். இப்போது டிரைட்டன் படி. 250 கொடுத்தாயிற்று. பிராக்கெட்டுகளை அறுத்துவிட்டு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு புது பிராக்கெட் செய்ய வேண்டும். ஒன்று 30 வெள்ளி என்றால் 180. வெல்டிங் கூலி 100, தேய்த்துப் பெயிண்ட் அடிக்க 70 என்று வையுங்கள். மொத்தம் 600. புதுப் படியின் விலை வந்துவிட்டது, கையில் இருப்பதோ ஒட்டுப்போட்ட பழைய குழாய். அந்த டிரைட்டன் படிக்கு நான் கொடுக்கக்கூடியது 80 வெள்ளி, அதுவும் குழாய் கனமாக இருந்தால்.

கனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் எடை பார்க்கும் தராசைக் கொண்டுபோங்கள். சிரிக்க வேண்டாம். 3 அங்குலக் குழாய், அதாவது 76 மில்லிமீட்டர் விட்டம், 1.8 மீட்டர் நீளம் என்று வைத்தால், சுவரின் கனம் 2 மில்லிமீட்டராக இருந்தால் வெறும் குழாய் மட்டும் ஏறக்குறைய 6.6 கிலோ இருக்கும். 1.2 மில்லிமீட்டர் என்றால் 4 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. எடை போட்டால் பொய் சொல்ல முடியாது. பிராக்கெட் வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் அதற்கென்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் இந்தக் கணக்கு இரண்டுக்கும் செல்லும்.

'ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டியிருக்கிறது. காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். நன்றாக ஒட்டிக்கொண்டால் அநேகமாக உள்ளே சாதாரண இரும்பு, மேலே குரோம் பூச்சு. ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ். ஆனால் எந்த ஸ்டெயின்லெஸ்? 304 என்ற வகையில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 201 என்ற மலிவான வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. வித்தியாசம் ஓரிரு மழைக்காலம் போனபிறகு தெரியும், 201இல் பழுப்புப் புள்ளிகள் சீக்கிரம் வரும். பழைய படி வாங்குவதில் உள்ள ஒரு நல்ல விஷயம், அந்த மழைக்காலங்கள் ஏற்கனவே போய்விட்டன. குழாயின் கீழ்ப்பக்கத்தையும் வெல்டிங் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். மேலே கண்ணாடி மாதிரி மின்னும், கீழே ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி. அதைத்தான் விலை பேசும்போது காட்ட வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. படி எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதைவிட அந்த வண்டி என்ன ஏற்றியது என்று கேளுங்கள். செம்பனைத் தோட்டத்தில் உரம் ஏற்றிய பிக்கப் என்றால் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். செம்பனைக்கு அதிகம் போடும் பொட்டாஷ் உரம் வேதியியலில் பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பின் தம்பி. மூட்டையிலிருந்து கொட்டிய தூள் மழையில் கரைந்து படியின் பிராக்கெட் மடிப்புக்குள் போய் உட்காரும். போர்ட்டிக்சன் கடற்கரையில் நிறுத்தியே வைத்திருந்த வண்டிக்கும் இதே கதி, அங்கே கடல் உப்பு. குளோரைடு உள்ள இடத்தில் நல்ல ஸ்டெயின்லெஸ்கூடக் குழி விழும், சாதாரண இரும்பு உள்ளிருந்தே கரையும். குழாயின் இரு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் கட்டியாக நிறைந்திருந்தால் அது ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கீழ்ப்பக்கத்தை நீள வாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிங்' என்ற சத்தம் ஓரிடத்தில் 'டொக்' என்று மாறினால் அங்கே மண் இருக்கிறது, அல்லது இரும்பு இல்லை.

ஏன் கழற்றினீர்கள் என்றும் கேட்க வேண்டும். வண்டியை விற்றேன், வேறு படி மாட்டினேன் என்றால் சரி. பதில் இழுத்தால் நூலை எடுங்கள். குழாயின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கவாட்டில் அடிபட்ட வண்டியின் படி பெரும்பாலும் உள்நோக்கி வளைந்திருக்கும், பிராக்கெட்டும் முறுக்கிக்கொண்டிருக்கும். அதை நிமிர்த்திப் போடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். ஒரு முறை வளைந்து நிமிர்ந்த இரும்பில் அம்மாவை ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி மாற்றம் செய்யும் விஷயம். நம்மவர்கள் முதலில் செய்ய நினைப்பது படியைத் தாழ்த்துவது. காரணம் நியாயமானது, உயரத்தில் இருக்கும் படியால் வயதானவருக்குப் பயனில்லை. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட துணைச் சட்டம் மாடிப்படியின் ஒரு படி 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது என்கிறது. 18 சென்டிமீட்டர். உங்கள் பிக்கப்பின் உள்தளம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 65 சென்டிமீட்டர் என்று வைத்தால், வீட்டு மாடிப்படியில் மூன்றரைப் படியை ஒரே தாவலில் ஏறச் சொல்கிறோம். குழாய்ப் படியின் மிதிக்கும் பகுதி 48 சென்டிமீட்டரில் இருந்தால் முதல் அடி 48, அடுத்தது 17. இரண்டாவது சுகம். அந்த முதல் அடியில்தான் எல்லாமே நின்றுபோகிறது.

ஆகவே பத்து சென்டிமீட்டர் தாழ்த்திவிடலாமே? ஹைலக்ஸ் இரட்டைக் கேபினின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,085 மில்லிமீட்டர். படியின் அடிப்பகுதி தரையிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால், நடுவில் இடிக்காமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் படியைப் பொறுத்தவரை 29 பாகை வரும். 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 22 பாகை. ஏழு பாகைதானே என்று தோன்றும். தோட்டத்தில் மழைத்தண்ணீர் வெட்டிவிட்ட வாய்க்கால் கரை, மலைப்பாதையில் குறுக்கே கிடக்கும் மரம், இவற்றில் அந்த ஏழு பாகை என்பது தாண்டுவதற்கும் தொங்கிக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். தித்தி தாண்டி கெனாபோய் பக்கம் போகும் ஆசை இருப்பவர் படியை இறக்கவே கூடாது. வாசகர் கேட்பதோ இரண்டும். அம்மாவும் ஏற வேண்டும், சேற்றிலும் இறங்க வேண்டும்.

இதற்கு விடை டிராக்டரில் இருக்கிறது. பல டிராக்டர்களின் ஏணியைப் பார்த்திருப்பீர்கள். மேல்படிகள் இரும்பில் உறுதியாக இருக்கும், கடைசிப் படி மட்டும் ரப்பர் பட்டையில் தொங்கும். மரக்கட்டையில் இடித்தால் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப வந்துவிடும். அதையே செய்யலாம். முக்கியப் படியை 45 சென்டிமீட்டர் உயரத்திலேயே விட்டுவிடுங்கள். அம்மா உட்காரும் பக்கத்துக் கதவுக்கு மட்டும், அதன் கீழே 25 சென்டிமீட்டரில் ஒரு தொங்குபடி. தரையிலிருந்து 25, பிறகு 20, பிறகு 20. மாடிப்படிக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம். நான்கு கதவுக்கும் இது தேவையில்லை. பேரப்பிள்ளைகள் குதித்து ஏறிவிடுவார்கள்.

ரப்பருக்குப் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு போதும், உள்ளே துணி வைத்து நெய்தது, 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனம். பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கும். இரு பக்கமும் அகலமான பட்டை, நடுவில் ஒரு அடி அகலத்துக்கு மிதிதட்டு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொங்கும் படியில் கால் வைத்து மேலே உந்தினால் அது வண்டிக்கு அடியில் ஊஞ்சல் மாதிரி நழுவும். வயதானவர் அங்கேதான் விழுவார். அதனால் பட்டை குட்டையாக இருக்க வேண்டும், 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பின்னால் ஒரு இரும்புத் தடுப்பு வைத்து, மிதிக்கும்போது படி அதில் சாய்ந்து நிற்கும்படி செய்ய வேண்டும். முன்னும் பின்னும் ஆடலாம், உள்நோக்கி ஆடவே கூடாது. இதை வெல்டரிடம் வரைந்து காட்டுங்கள், வாயால் சொன்னால் போதாது. மேல்படியைவிட நாலு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முழங்கால் எலும்பு மேல்படியில் இடிக்காது, ஆனால் டயர் வளைவைத் தாண்டி வெளியே வரக்கூடாது. காட்டுக்குப் போகும் நாளில் கழற்றி வைக்க இரண்டு பின் போட்டால் வேலை முடிந்தது.

பிராக்கெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் சேசியிலிருந்து 25 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறார். பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 5 சென்டிமீட்டர்தான் என்றால், அந்த மேல் போல்ட்டை இழுக்கும் விசை 80 கிலோவில்லை, 400 கிலோ. அந்த இடைவெளியை 10 சென்டிமீட்டராக்கினால் 200 கிலோவாகக் குறைந்துவிடும். ஆள் குதித்து ஏறினால் இன்னும் ஏறும். போல்ட் இதற்கெல்லாம் பயப்படாது. தலையில் 8.8 என்று பொறித்த 10 மில்லிமீட்டர் போல்ட் 3 டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கும். கிழிவது பிராக்கெட்டின் தகடு, அல்லது தகடும் குழாயும் சேரும் வெல்டிங். ஆகவே உயரமான பிராக்கெட், 5 மில்லிமீட்டர் தகடு, மூலையில் முக்கோண முட்டு. பழைய படியை வாங்கும்போதும் இதே மூன்றைத்தான் பார்க்க வேண்டும். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால், பெயிண்ட் விரிசல்தான் என்று விற்பவர் சொன்னாலும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சேசியில் வெல்டிங் வைக்க வேண்டாம், புதிதாகத் துளையும் போட வேண்டாம். ஏற்கனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டும்படி பிராக்கெட் செய்வதுதான் ஒழுங்கான வேலை. வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதற்கு ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். போல்ட்டில் மாட்டிக் கழற்றும் படிக்கும் வெட்டி ஒட்டிய சேசிக்கும் வித்தியாசம் உண்டு. சந்தேகம் இருந்தால் பட்டறையில் கேட்காமல் ஜே.பி.ஜே. அலுவலகத்திலேயே கேளுங்கள். சேசி எண் பொறித்திருக்கும் இடத்துக்கு அருகில் கிரைண்டரையே கொண்டுபோகக் கூடாது. பின்னால் வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். காப்புறுதியும் அப்படித்தான். நாமாக மாட்டும் துணைப் பொருள்களுக்கு 97ஆம் எண் கூடுதல் பாதுகாப்பு என்று தனியாக உண்டு. 300 வெள்ளிப் படிக்கு அது தேவையா என்பது உங்கள் முடிவு.

படியை வண்டியில் வைத்துக்கொண்டே வெல்டிங் செய்வது பல பட்டறைகளில் பழக்கம். கழற்றிக் கீழே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றாமல் தொடங்க விடாதீர்கள். சேசியின் உட்புறமாக பிரேக் குழாயும் எண்ணெய்க் குழாயும் ஓடுகின்றன, பொறி அவற்றின்மேல் தெறிக்கக்கூடாது. பிறகு போல்ட்டின் நுனி நீண்டு அந்தக் குழாய்களை உரசாமலும் இருக்க வேண்டும். குரோம் பூச்சுள்ள குழாயை அப்படியே சுட்டால் வரும் புகை நச்சு, பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங். ஸ்டெயின்லெஸ் குழாயில் சாதாரண இரும்பு பிராக்கெட்டை ஒட்ட 309 என்ற குச்சி வேண்டும். கையில் இருக்கும் ஏதோ ஒரு குச்சியில் ஒட்டினால் அன்றைக்கு ஒட்டும். அலுமினியப் பலகை என்றால் இரும்பு பிராக்கெட்டுக்கும் அதற்கும் நடுவில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் போட வேண்டும். இரண்டு உலோகமும் நேரடியாகத் தொட்டு நனைந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

மிதிக்கும் தகட்டை விற்பவர் யாரும் விலையில் சேர்ப்பதில்லை, ஆனால் கால் வழுக்குவது அங்கேதான். வெயிலில் வெளுத்து மொழுமொழுவென்று ஆன பிளாஸ்டிக்கை மாற்றுங்கள். சல்லடை இரும்பு சேற்றைக் கீழே விட்டுவிடும், சப்பாத்துக் காலுக்கு நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் பழக்கமுள்ள பாட்டிக்கு அது பாதத்தைக் குத்தும், அவருக்கு ரிவெட் அடித்த ரப்பர்தான். பிராக்கெட் முனைகள், வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றையும் உருட்டித் தேயுங்கள். கார்களின் வெளிப்புற நீட்டல்கள் பற்றிய ஐ.நா. ஒழுங்குவிதி 26, வெளியே நீட்டிய விளிம்பின் வளைவு ஆரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. அது வண்டியில் மோதுகிறவருக்கும் உரசிப்போகிறவருக்குமாக எழுதியது. நம் வீட்டில் அதே விளிம்பு சேலைக் கரையையும் பிடித்து இழுக்கும். ஒரு காலை வண்டிக்குள்ளும் ஒரு காலைப் படியிலும் வைத்திருக்கும் நேரத்தில் சேலை சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படியைப் பற்றி இவ்வளவு சொன்னபிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். முட்டிவலிக்காரருக்குப் படியைவிடக் கைப்பிடி முக்கியம். கதவுத் தூணில் பிடி இல்லாத பழைய வண்டிகளில் அவர்கள் பிடிப்பது திறந்த கதவை, அது ஆடும். அந்த மாடலிலேயே உயர்ந்த ரகத்தில் வந்த கைப்பிடி பல நேரம் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும், தூணில் அதற்கான துளைகள் உள்ளேயே மூடிக் கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் கைப்பிடி.

கோயில் திருவிழாக் காலம் வந்தால் இந்தப் படிகளுக்கு இன்னொரு உபயோகத்தையும் பார்க்கிறோம். ஓடுகிற வண்டியின் படியில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று பையன்கள் நின்றுகொண்டு போகிறார்கள். ஒரு பக்கத்துக்கு 180 கிலோ, அதுவும் குழியில் துள்ளும்போது அதைப்போல மடங்கு. மேலே போட்ட கணக்கை இதற்குப் பொருத்திப் பாருங்கள். அதற்காகச் செய்த படி எதுவும் சந்தையில் இல்லை, எந்த விலைக்கும்.

மாட்டி முடித்ததும் முதல் 500 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள், பெயிண்டும் ரப்பரும் அமுங்கித் தளர்வது இயல்பு. முறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. உடைந்திருந்தால் ஸ்பேனரை எடுக்க வேண்டும். டீசல் போட நிறுத்தும்போது குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.